சுடட்டுமே

கால் போனவனுக்கு நடக்கத்தான் ஏக்கம் இருக்கும் என்று நினைக்கிறார்கள். எனக்கு ஏக்கமெல்லாம் உட்காருவதில். பந்தியில் சம்மணம் போட்டு, ரசம் இலையைத் தாண்டி ஓடுமுன் சாதத்தால் அணை கட்டி, பக்கத்து மாமாவின் முட்டியில் என் முட்டி இடிக்கச் சாப்பிட வேண்டும்.

சர்க்கரைப் புண் முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். டில்லி ஆஸ்பத்திரி வார்டில் எனக்குப் பெயர் படுக்கை எண்தான். சர்க்கரை எவ்வளவு, தையல் பிரித்தாயிற்றா என்று கேட்டார்கள். இரவில் இல்லாத கட்டைவிரல் அரித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்பார்களோ என்று பயம். இப்படி இல்லாத உறுப்பில் தோன்றும் மாய வலிக்கு நம் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்தே வழி தேடினார் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

செயற்கைக் காலுக்கு அளவெடுக்கப் போன இடத்தில்தான் ஒரு ஃபிஸியோதெரபிஸ்ட் பெண், "க்யா கர்னா சாஹ்தே ஹைன், அங்கிள்?" என்றாள். என்ன செய்ய ஆசை என்று கேட்ட முதல் ஆள் அவள். பந்தியைச் சொன்னேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

நோயாளியை மையமாக வைத்த சிகிச்சை என்று இதை இப்போது சொல்கிறார்கள். 1968-இல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் செய்தது இதைத்தான். பூட்ஸுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய மேல்நாட்டுக் காலை வைத்துக்கொண்டு குந்த முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. அதனால் ரப்பரில், வளைந்துகொடுக்கும் பாதமொன்றை வார்த்தார்கள். வெறுங்காலாகவே நடக்கலாம்.

எனக்கும் அந்த ஜெய்ப்பூர்ப் பாதத்தைத்தான் பொருத்தினார்கள். அதோடு தரையில் உட்காரப் பழகினேன். பந்தி திரும்பக் கிடைத்தது.

கிடைக்காதது ஒன்று உண்டு. டில்லி ஆர்.கே. புரத்தில் உள்ள மலை மந்திர் முருகன் கோவிலின் கருங்கல் தரை மே மாதத்தில் கொதிக்கும். சின்ன வயதில் நிழலுக்கு நிழல் தாவி ஓடுவோம். இப்போது இடது பாதம் மட்டும் துள்ளுகிறது. வலது பாதம் சும்மா ஊன்றி நிற்கிறது. வசதிதானே என்கிறார்கள் வீட்டில்.

வலது பாதத்திலும் அந்தச் சூடு வேண்டும் என்று அந்த ஃபிஸியோதெரபிஸ்ட் பெண்ணிடம் சொன்னேன். "அதைத் தர எங்களால் முடியாது, அங்கிள்" என்றாள். பொய்யாகத் தேற்றவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. ஆசை மட்டும் போகவில்லை. சுடட்டுமே, ஒரே ஒரு தடவை.