நல்ல சீட்டு வந்தா தூங்காதீங்க பாஸ்!

உங்க கையில சூப்பர் சீட்டு. எதிர்ல இருக்கிறவருக்கு அது தெரியாது. என்ன பண்ணுவீங்க? "சத்தம் காட்டாம இருப்போம், அவரே வந்து மாட்டட்டும்"னுதானே தோணுது? போக்கர் பார்க்க ஆரம்பிச்ச புதுசுல எனக்கும் அதுதான் பெரிய சாமர்த்தியமா தெரிஞ்சது.

பாதிக் காரணம் ஹாலிவுட். 1998-ல் வந்த 'ரவுண்டர்ஸ்' படத்துல மாட் டேமன் ஒரு பழைய வீடியோவைப் பார்ப்பார். 1988 வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் ஃபைனல். ஜானி சான் கையில் அஞ்சு சீட்டும் வரிசையா சேர்ந்தாச்சு. ஆனா மனுஷன் 'செக்' சொல்லிட்டு, ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி உட்கார்ந்திருப்பார். எரிக் சைடல் வெறும் ராணி ஜோடியை நம்பி மொத்த சிப்ஸையும் தள்ள... காலி! சான் தொடர்ந்து ரெண்டாவது வருஷம் சாம்பியன்.

செம சீன்தான். ஆனா அது ரெண்டே பேர் மோதின ஃபைனல். லாஸ் வேகாஸ் கேஷ் டேபிள் வேற கதை. அங்கே எட்டு, ஒன்பது பேர். பாதிப் பேர் ஊர் சுத்திப் பார்க்க வந்தவங்க. சீட்டை மடக்கிப் போடவா வந்தாங்க? ஆடத்தான் வந்திருக்காங்க. ராஜா ஜோடி கிடைச்சா லேசுல விடமாட்டாங்க.

கணக்குக்கு வாங்க. 2-5 டாலர் டேபிள், உங்க முன்னாடி 1,000 டாலர். கையில் ரெண்டு எட்டு. 20 டாலர் கட்டுறீங்க, ரெண்டு பேர் கூட வர்றாங்க. நடுவுல 60 டாலர். முதல் மூணு பொதுச் சீட்டு, அதாவது ஃப்ளாப்: ராஜா, எட்டு, நாலு. அதுல ரெண்டு ஆர்ட்டின். உங்களுக்கு மூணு எட்டு!

நடுவுல இருக்கிற அளவுக்கே கட்டுங்க: 60. ஒருத்தர் வந்தா பாட் 180. நாலாவது சீட்டுக்கு 180 கட்டினா 540. கடைசிச் சீட்டுக்கு 540 கட்டினா 1,620. மூணு சுத்துல அவர்கிட்டேயிருந்து 780 டாலர். ஃப்ளாப்ல மட்டும் நடிச்சு 'செக்' சொன்னா? 60, 180... அவ்வளவுதான். வெறும் 240! விட்டது சின்ன 60 இல்லை பாஸ், கடைசியில வரவேண்டிய 540.

"கட்டினா ஓடிடுவாரே"ன்னு பயமா? மூணு தடவையில ஒரு தடவை அவர் கடைசி வரைக்கும் வந்தாலே சராசரி 260. பம்மி உட்கார்ந்து வாங்குற 240-ஐ விட அதிகம். இன்னொண்ணு, கையில் ரெண்டு ஆர்ட்டின் வைச்சிருக்கிறவருக்கு அடுத்த சீட்டும் ஆர்ட்டினா வர கிட்டத்தட்ட அஞ்சுக்கு ஒரு வாய்ப்பு. 'செக்' சொன்னா அதை ஓசியில பார்ப்பார். நீங்களே டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாதிரி!

இந்த மாதிரி கை அடிக்கடி வருமா? கையில் ஜோடி விழறது 17 ஆட்டத்துக்கு ஒரு தடவை. அது ஃப்ளாப்ல மூணாகறது சுமார் எட்டரைக்கு ஒரு தடவை. பெருக்கினா 145 ஆட்டம். நேர்ல ஆடும்போது மணிக்கு சுமார் 30 ஆட்டம்தான் நடக்கும். அஞ்சு மணி நேரம் காத்திருந்து வந்த விருந்தாளிகிட்ட கதவைச் சாத்தலாமா?

ஒரே எச்சரிக்கை. முன்னாடி இவ்வளவு சிப்ஸ் இருக்கும்போது ஒத்தை ஜோடி 'நல்ல சீட்டு' லிஸ்ட்ல வராது, ரெண்டு ஏஸா இருந்தாலும்! அதுவரைக்கும் பம்முன ஆள் கடைசியில திடீர்னு மொத்தத்தையும் தள்ளினா, ஏஸை மடக்கி வைக்கிறதுதான் புத்திசாலித்தனம். தைரியம் சீட்டுக்குத்தான், ரோஷத்துக்கு இல்லை.

இதைத் தெரிஞ்சுக்கக் காசு வேண்டாம். எனக்குப் புளியங்கொட்டையிலதான் புரிஞ்சது. ஹாஸ்டல் ரூம்ல நீங்களும் பரப்பிப் பாருங்க. 60 கொட்டை 180 ஆகி, 540 ஆகறதை ஒரு தடவை கையால எண்ணிட்டீங்கன்னா, அப்புறம் மூணு எட்டை வைச்சுக்கிட்டு 'செக்' சொல்ல வாயே வராது!