வண்டிக்குச் சாயம் அடிக்க இவ்வளவா?

புது வண்டி வாங்கும்போது ஒன்பது ஆண்டுத் தவணைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் நாம், அதே வண்டிக்குச் சாயம் அடிக்க மூவாயிரம் வெள்ளி என்றால் மட்டும் திகைத்துப் போகிறோம். "ஒரு டின் சாயம் என்ன விலை? மீதியெல்லாம் கொள்ளைதானே!" என்று தேநீர்க் கடையில் பேசிக்கொள்கிறோம். இது கொள்ளைதானா என்பதை வாசகர்களோடு சேர்ந்து கொஞ்சம் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

நான் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். என்னிடம் இருப்பது என் தந்தையார் வாங்கிய பழைய புரோட்டோன் சாகா. 1985-ஆம் ஆண்டு ஜூலையில் முதல் சாகா வெளிவந்தபோது, நம் நாட்டிலேயே செய்த கார் என்று ஊரே பெருமை கொண்டது. எங்கள் வீட்டுக்கு அது வரப் பல ஆண்டுகள் ஆயின. செம்மண் புழுதியும் நிழலற்ற வெயிலும் சேர்ந்து, அதன் கூரையையும் முன்மூடியையும் பாம்புச் சட்டைபோல் உரித்துவிட்டன.

சிரம்பான் பக்கத்தில் பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பால்மரம் சீவியவரின் மகன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டு, "கெத்தோக், சாட்" என்று பலகை தொங்கிய ஒரு பட்டறையில் தரை கூட்டித் தொழில் கற்றவர். வண்டியைச் சுற்றி வந்து, "முழுசா அடிக்க மூவாயிரத்து ஐந்நூறு ஆகும், சார்" என்றார். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "பள்ளி விடுமுறைதானே சார், வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன்.

முதல் மூன்று நாளும் ஒரு துளி நிறம்கூட வண்டியில் ஏறவில்லை. விளக்கு, கைப்பிடி, ரப்பர் எல்லாவற்றையும் கழற்றினார்கள். உரிந்த சாயத்தை மணல்தாளால் தேய்த்தார்கள். துருவைச் சுரண்டி, பள்ளத்தில் புட்டி பூசி, காய்ந்ததும் மறுபடி தேய்த்தார்கள். முரட்டுத் தாளில் தொடங்கி, மெல்ல மெல்ல நயமான தாளுக்குப் போகவேண்டுமாம். அவர் கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்கையால் தடவித்தான் மேடு பள்ளம் கண்டார். சுவர் இருந்தால்தானே சித்திரம்!

பிறகு நிறம் கலக்கும் வேலை. வண்டியில் நிறத்தின் எண் இருக்கிறது. ஆனாலும் பல ஆண்டு வெயிலில் வெளுத்த நீலம் அந்த எண்ணுக்கு அடங்குவதில்லை. சில இடங்களுக்கு மட்டும் அடிப்பதென்றால், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவேண்டும். சாயம் பீய்ச்சும் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. நாம் பார்ப்பதும் பேரம் பேசுவதும் அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான்.

தொழிற்சாலையில் இது மலிவாக முடிவதற்குக் காரணம் உண்டு. அங்கே ரப்பரோ மின்கம்பியோ இல்லாத வெற்றுக் கூட்டை ஏறத்தாழ 140 பாகைச் சூட்டில் வேகவைக்கிறார்கள். ஓடிய வண்டியை அப்படிச் செய்தால் உள்ளே பலவும் உருகிப்போகும். பட்டறையில் 60 பாகைதான். அந்தக் குறைந்த சூட்டில் இறுகுவதற்காகச் சாயத்தோடு ஹார்டனர் கலக்கிறார்கள். இந்த நூற்றாண்டுக் கதை சுவையானது. ஃபோர்டு நிறுவனம் 1914 முதல் 1925 வரை தன் மாடல் டி காரைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றது. 1923-இல் டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ சாயம் வந்தபின், வாரக்கணக்கில் காய்ந்த வேலை நாள்கணக்கில் முடிந்தது. காயும் நேரத்தைக் குறைத்தார்கள். பட்டறையில் தேய்க்கும் கையை இன்னும் யாராலும் குறைக்க முடியவில்லை.

ஹார்டனரில்தான் ஆபத்தும் இருக்கிறது. அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் இரசாயனம் மூச்சில் கலந்தால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு இரைக்கும். நாம் முகத்தில் கட்டும் சாதாரண மறைப்பு அதைத் தடுக்காது. சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி வேண்டும். அந்த முகமூடி என் மாணவரிடம் இருந்தது. "எல்லாப் பட்டறையிலும் இருக்குமா, தம்பி?" என்று கேட்டேன். "ஆயிரத்து இருநூறுக்கு அடிச்சுக் கொடுன்னு கேட்டா, எதைக் குறைப்பாங்க சார்?" என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை.

சாயத்தின் விலையையும் வாடகையையும் குறைக்க முடியாது. முதலில் குறைவது தேய்ப்பு. அடுத்து குறைவது முகமூடி. தேய்ப்புக் குறைந்தால் நம் வண்டி ஒரே ஆண்டில் உரியும். முகமூடி குறைந்தால் யாரோ ஒரு தாயின் பிள்ளைக்கு நெஞ்சு கெடும்.

இதை நாம் அறியாதவர்களா? நம் பெற்றோர் பால்மரம் சீவியபோது, கத்தி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்தக் கைத்திறனுக்குப் பால் கொட்டகைத் தராசில் எடை இருந்ததா? வாளியில் இருந்த பாலைத்தான் நிறுத்தார்கள். உழைப்புக்கு ஏற்ற விலை இல்லையே என்று வருந்திய குடும்பங்களில் பிறந்த நாம், இன்னொரு தொழிலாளியின் முன்னால் அதே தராசைத் தூக்கிக்கொண்டு நிற்கலாமா?

முழுத் தொகையும் என்னிடம் இல்லை. அதனால் இந்த ஆண்டு கூரையும் முன்மூடியும், அடுத்த ஆண்டு பக்கங்களும் என்று பேசி முடித்தேன். பழைய நீலத்தையே அடிக்கச் சொன்னேன். நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் தெரிவித்துப் பதிவைத் திருத்தவேண்டும் என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பூசி மெழுகிப் பணம் பறிப்பவர்களும் உண்டு. ஆகவே விலையைக் கேட்குமுன் வேலையைக் கேளுங்கள். எத்தனை நாள் தேய்ப்பீர்கள், எதையெல்லாம் கழற்றுவீர்கள், எந்தச் சாயம் என்று கேளுங்கள். கடைசியாக, சாயம் அடிக்கும் பையனின் முகமூடி எங்கே என்றும் கேளுங்கள். அதைத் தயங்காமல் எடுத்துக் காட்டுகிறவரிடம் நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுத்தாலும் நமக்கு நட்டமில்லை.