வியாழக்கிழமை ஞோக்கி



வழமையாக இப்பக்கத்தில் ஞாயிறு வாசகங்களைப் பற்றிச் சிந்திப்போம். இவ்வாரம் ஒரு சமையற் குறிப்பை எழுதுகிறேன். “சுவாமிக்கு என்ன நடந்தது?” என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டுத் தொடர்ந்து வாசியுங்கள். வேலை நாளொன்றின் மாலையில், ஒரு பானையும் ஒரு தாச்சியும் கொண்டு 25 நிமிடத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய ஞோக்கி என்னும் இத்தாலிய உணவே இன்றைய பொருள். அதை ஒரு பங்குத்தந்தை ஏன் எழுதவேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் இல்லங்களை ஆசீர்வதிக்க வரும்போது ஒவ்வோர் அறையாகச் சென்று தீர்த்தம் தெளிப்பேன். சாப்பாட்டு மேசையை அணுகும்போது பல வீடுகளில் ஒரு சிறு பரபரப்பு ஏற்படுவதைக் கண்டிருக்கிறேன். மேசைமேல் கிடக்கும் கடிதங்களும், மடிக்காத உடுப்புகளும், பிள்ளையின் மடிக்கணினியும், அம்மம்மாவின் மருந்துப் போத்தல்களும் அவசரமாக ஓர் ஓரத்துக்குத் தள்ளப்படும். அந்த மேசையில் யாரும் அமர்ந்து உண்பதில்லை என்பது அந்தக் கணத்திலேயே விளங்கிவிடும்.

இதில் யாரையும் நான் குறைசொல்லவில்லை. இந்த ரொறன்ரோப் பெருநகரில் உங்கள் நாள்கள் எவ்வாறு கழிகின்றன என்பதை அறிவேன். தந்தைக்கு இரவு வேலை. தாய் மாலை ஐந்தரைக்குக் களைத்து வருகிறார். வந்த கையோடு அரிசியைக் களைந்து வைத்து, இரண்டு கறி, ஒரு வறை, ஒரு சொதி என்று அடுப்படியில் நிற்கிறார். எல்லாம் ஆகி முடிய எட்டரை மணி. அதற்குள் பிள்ளை நூடில்ஸ் கிண்ணத்தோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுகிறது. தந்தை தன் பங்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்படுகிறார். ஈற்றில் தாய், குசினியில் நின்றபடியே, மிஞ்சியதை உண்கிறார். சோறும் கறியும் குறைவில்லாமல் இருக்கின்றன. உண்பதற்கு ஒன்றாக இருந்தவர்தாம் எவருமில்லை.

கடந்த ஒக்டோபர் மாதத்தில் ஒரு தாய் திருப்பலி முடிந்தபின் என்னிடம் வந்தார். அவருடைய இசைவுடனேயே இதை எழுதுகிறேன். “ஃபாதர், மகன் எங்களோட கதைக்கிறதே இல்லை. பதினாறு வயசு. என்ன செபம் சொல்ல வேணும்?” என்று கேட்டார். இருவரும் அவ்விடத்திலேயே செபித்தோம். அதன்பின், “வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்து கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டேன். சற்றுநேரம் யோசித்துவிட்டு, “நத்தாருக்கு” என்றார். சொல்லி முடிக்குமுன்பே அவர் கண் கலங்கிவிட்டது. அன்று அவருக்கு நான் சொன்ன வழியைத்தான் இன்று உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

ஞோக்கி என்பது உருளைக்கிழங்கை அவித்து மசித்து, கோதுமை மா சேர்த்துப் பிசைந்து, பெருவிரல் நுனியளவு துண்டுகளாக வெட்டிச் செய்யும் கொழுக்கட்டை போன்ற உணவு. ஆங்கிலம் பேசுவோர் இப்பெயரை உச்சரிக்கத் தடுமாறுவார்கள். நமக்கு அத்தொல்லை இல்லை. இத்தாலியர் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதும் ஒலிக்குத் தமிழில் ‘ஞ’ என்று தனி எழுத்தே இருக்கிறது. இன்னொரு உறவும் உண்டு. நாம் ‘குசினி’ என்கிறோமே, அது போர்த்துக்கேயர் நம் கரையில் விட்டுச்சென்ற சொல். இத்தாலியர் தம் சமையலறையை ‘குச்சீனா’ என்பர். இரண்டும் இலத்தீன் மொழியின் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. ஆகவே அந்நிய உணவு என்று அஞ்சவேண்டாம். உறவினர் வீட்டு உணவு என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

உரோமை நகரில் நான் பயின்ற ஆண்டுகளில், வியாழக்கிழமைகளில் சிறிய உணவகங்களின் வாசற்பலகையில் ஞோக்கி என்று எழுதியிருப்பதைக் காண்பேன். வியாழன் ஞோக்கி, வெள்ளி மீன், சனி மாட்டின் இரைப்பை என்பது அந்நகரத்தார் வழக்கு. வெள்ளிக்கிழமை இறைச்சியின்றி ஒறுத்தல் செய்யும் நாளாகையால், முதல்நாள் வயிறு நிறைய உண்பதே அதன் காரணம் என்பர். இத்தாலியர் பெருந்தொகையாகக் குடியேறிய ஆர்ஜென்டீனாவில் ஒவ்வொரு மாதமும் 29ஆம் நாள் ஞோக்கி உண்ணும் வழக்கம் உண்டு. சம்பளத்துக்கு முந்திய நாள்கள். கையில் காசு குறைவு. கிழங்கும் மாவும் மலிவு. உண்ணும் தட்டின்கீழ் ஒரு பணத்தாளை வைத்து, வரும் மாதம் நல்லதாகட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். நாடுவிட்டு வந்த உழைப்பாளிகளின் மேசையில் வளர்ந்த உணவு இது. நம் மேசைக்கும் பொருந்தும்.

நம் ஆலயத்தில் ஞாயிறு காலை இத்தாலிய மொழித் திருப்பலிக்கு வரும் மூதாட்டி ஒருவரிடம், “கடையில் பொதியாக விற்கும் ஞோக்கியை வாங்கலாமா?” என்று கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்றே எதிர்பார்த்தேன். “கையால் செய்வது பெருநாளுக்கு. வேலை நாளுக்குக் கடை போதும், பாத்ரே” என்றார். ஆகவே மனச்சான்றின் உறுத்தல் இன்றி வாங்குங்கள்.

நால்வருக்குத் தேவையானவை: 500 கிராம் ஞோக்கிப் பொதி ஒன்று, இத்தாலியன் சொசேஜ் நான்கு, ஏறத்தாழ 450 கிராம், ராப்பினிக் கீரை ஒரு கட்டு, உள்ளி நான்கு பல்லு, செத்தல் மிளகாய் இரண்டு, ஒலிவ எண்ணெய், துருவிய பார்மேசான் சீஸ் ஒரு கைப்பிடி, பாதித் தேசிக்காய்.

ராப்பினி கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது, சற்றுக் கைக்கும். பாகற்காய்க்குப் பால் விட்டுக் கறி சமைத்தவர்களுக்கு அந்தக் கைப்பை ஆளத் தெரியும். கைப்புக்கு மருந்து கொழுப்பு. அது சொசேஜிலிருந்து கிடைக்கும். பிள்ளைகள் மறுத்தால் ஸ்பினாச் கீரையோ கேல் கீரையோ இடுங்கள். சொசேஜை வாங்கும்போது மணந்து பாருங்கள். இத்தாலியர் அதில் பெருஞ்சீரகம் சேர்ப்பர். நம் இறைச்சிக்கறியின் அதே வாசனை! பன்றி இறைச்சி உண்ணாத உறவினர் வீட்டில் இருந்தால் கோழி சொசேஜ் வாங்கி, அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகத்தை நீங்களே இடித்துப் போடலாம்.

முதலில் பானையில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். அது கொதிப்பதற்குள் சொசேஜின் மேல்தோலைக் கீறி அகற்றி, உள்ளிருக்கும் இறைச்சியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துத் தாச்சியில் இடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். உடனே கிளறாதீர்கள். அடிப்புறம் நன்கு சிவந்தபின் புரட்டுங்கள். ஏழெட்டு நிமிடத்தில், உள்ளே இளஞ்சிவப்பு நிறமின்றி வெந்துவிடும்.

இதற்கிடையில் தண்ணீர் கொதித்திருக்கும். உப்பிடுங்கள், ஆனால் சொசேஜிலும் சீஸிலும் உப்பு இருப்பதால் அளவோடு இடுங்கள். ராப்பினியின் தடித்த தண்டுகளை நீக்கி, மீதியை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொதிநீரில் போட்டு, இரண்டு நிமிடத்தில் துளைக்கரண்டியால் வாரி எடுங்கள். கைப்பில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். அதே நீரில் ஞோக்கியைப் போடுங்கள். தென்னித்தாலியின் பூல்யாப் பகுதியில் கீரையையும் பாஸ்தாவையும் ஒரே பானையில் அவிப்பது வழக்கம். பானை கழுவும் வேலையும் ஒன்று குறையும். முதலில் அடியில் கிடக்கும் ஞோக்கி இரண்டு மூன்று நிமிடத்தில் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வரும். மிதந்தால் வெந்தது என்று பொருள். அதற்குமேல் விட்டால் கரைந்து களியாகிவிடும்.

தாச்சியில் சிவந்த இறைச்சியோடு நறுக்கிய உள்ளியும் கிள்ளிய மிளகாயும் சேர்த்து ஒரு நிமிடம் வதக்கிக் கீரையை இடுங்கள். ஓர் அகப்பை கொதிநீரை ஊற்றித் தாச்சியின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிடுங்கள். அதில்தான் சுவை முழுதும் இருக்கிறது. மிதந்த ஞோக்கியை வாரி இட்டு, இரண்டு நிமிடம் மெதுவாகப் புரட்டி, அடுப்பை நிறுத்தி, சீஸ் தூவி, தேசிக்காய் பிழியுங்கள். அவ்வளவுதான்.

மொறுமொறுப்பை விரும்பும் பிள்ளைகளுக்கு வேறொரு வழி உண்டு. குளிரூட்டாமல் அலமாரியில் விற்கும் பொதி ஞோக்கியை அவிக்காமலே எண்ணெயில் பரப்பி, பொன்னிறமாகும்வரை பொரித்தெடுத்து, மற்றவற்றோடு கலக்கலாம். வெள்ளிக்கிழமையிலும் தவக்கால ஒறுத்தல் நாள்களிலும் சொசேஜுக்குப் பதில் வெள்ளை அவரை விதையைச் சேருங்கள்.

இனி, தாய்மாரிடம் ஒரு வார்த்தை. சோறும் கறியும் சமைக்காத நாளில் பிள்ளைகளுக்குக் குறை வைத்துவிட்டோம் என்ற உறுத்தல் உங்களுள் பலருக்கு இருப்பதை அறிவேன். பொதியைப் பிரித்துச் சமைப்பவர் அக்கறையற்ற தாய் என்று நமக்குள் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். ஊரில் மூன்று கறி ஆக்கிய பாட்டிமாருக்குத் தேங்காய் துருவ ஒரு மகளும், கீரை ஆய ஒரு மாமியும் பக்கத்தில் இருந்தார்கள். இங்கே நீங்கள் தனியே நிற்கிறீர்கள், அதுவும் எட்டு மணிநேர வேலைக்குப் பிறகு. மூன்று மணிநேரச் சமையலை 25 நிமிடமாகக் குறைத்தால், மிஞ்சும் நேரத்தில் நீங்களும் அமர்ந்து உண்ணலாம். உங்கள் பிள்ளைக்கு நான்காவது கறியைவிட எதிரில் அமர்ந்திருக்கும் தாய் தேவை. தந்தையரே, கீரை நறுக்கவும் தாச்சி கழுவவும் ஆண்களுக்குத் திருச்சபை எத்தடையும் விதித்ததில்லை.

யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். சீடர்கள் இரவு முழுவதும் கடலில் உழைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடியலில், ஆண்டவரின் சொற்படி வலை வீசி மீன்களைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வருகிறார்கள். இரவு வேலை முடித்து வீடு திரும்பும் நம் தந்தையரைப் போலவே வருகிறார்கள். உயிர்த்த ஆண்டவர் கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருக்கிறார். பேதுரு அவரை மும்முறை மறுதலித்தவர். அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஆண்டவரிடம் இருந்தது. ஆயினும் அவர் முதலில் உணவளித்தார். உண்டு முடித்தபின்னரே கேட்டார். கேட்டதும் அன்பைப் பற்றித்தான்.

அந்த வரிசையை வீட்டிலும் பேணுங்கள். மேசையில் புள்ளிகளைப் பற்றிக் கேட்காதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். கைப்பேசிகள் எல்லாம் வேறறையில் இருக்கட்டும், முதலில் பெற்றோருடையவை. பிள்ளை பேசாவிட்டால் பேசாமலே உண்ணட்டும். அருகில் இருப்பதும் ஓர் உரையாடல்தான்.

அந்தத் தாயின் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பெரிய அற்புதம் எதுவுமில்லை. தந்தை வேலைக்குப் புறப்படுமுன், வியாழன் மாலை ஆறரை மணி என்று நேரம் குறித்தார்கள். முதல் வாரம் அம்மம்மா ஒரு துண்டை முள்ளுக்கரண்டியில் குத்திப் பார்த்து, “இது என்ன, கிழங்கும் இல்லை, புட்டும் இல்லை” என்றாராம். மகன் எட்டே நிமிடத்தில் உண்டுவிட்டு எழுந்து போய்விட்டான். இரண்டாம் வாரமும் அப்படியே. நாலாம் வாரமோ ஐந்தாம் வாரமோ, அவன் குசினிக்குள் வந்து, “இண்டைக்கு நான் பொரிக்கிறன்” என்று தாச்சியைக் கையில் எடுத்தானாம். பொரித்துக்கொண்டு நிற்கும்போது, முதுகைக் காட்டியபடியே, பள்ளியில் தனக்கு நண்பர் ஒருவரும் இல்லை என்று சொல்லியிருக்கிறான். அந்த ஒரு வாக்கியம் வெளிவர அத்தனை வியாழக்கிழமைகள் தேவைப்பட்டிருக்கின்றன. இன்னும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆயினும் இப்போது பெற்றோருக்குத் தெரியும். அவன் சுமையை அவன் தனியே சுமக்கவில்லை.

ஆகவே வரும் வியாழக்கிழமை உங்கள் சாப்பாட்டு மேசையிலுள்ள கடிதங்களை எடுத்து வேறிடத்தில் வையுங்கள். மேசையைத் துடையுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தட்டுகளை வையுங்கள். வியாழன் முடியாதவர்கள் தங்களுக்கு இயன்ற நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். தனியே வாழும் முதியவர் எவரேனும் உங்கள் மாடிக்கட்டடத்தில் இருந்தால் இன்னொரு தட்டும் வையுங்கள்; ஒரு பொதி ஐவருக்கும் எட்டும். உண்பதற்குமுன் ஒரு சிறு செபம். பிறகு, ஆறுமுன் உண்ணுங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களோடு இருப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை