அறுபது வெள்ளி

பேரவை ஆண்டிதழுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டபோது, நான் படித்த ஒரு நாவலைப் பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் என் பால்ய நண்பன் கண்முன் வந்து நிற்கிறான். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை நான் ஒருமுறை கெடுத்தது போதும்.

நாவலின் பெயர் ‘தி கைட் ரன்னர்’. காபூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய காலித் ஹொசைனி எழுதியது. 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தது; நான் பிறந்ததும் அதே ஆண்டுதான். தமிழிலும் ‘பட்ட விரட்டி’ என்ற பெயரில் கிடைக்கிறது. காபூலில் பணக்கார வீட்டுப் பையன் அமீர். அவ்வீட்டு வேலைக்காரரின் மகன் ஹசான். இருவரும் ஒன்றாக வளர்கிறார்கள். ஆனால் ஒருவன் பள்ளிக்கூடம் போகிறான். மற்றவன் அவனுக்குக் காலையுணவு எடுத்து வைக்கிறான். 1975-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பட்டம் விடும் போட்டி நடக்கிறது. அமீருக்காக அறுந்த பட்டத்தைத் துரத்திச் சென்ற ஹசானை முரட்டுப் பையன்கள் மடக்கிக் கொடுமை செய்கிறார்கள். அமீர் மறைந்து நின்று பார்க்கிறான், தடுக்கவில்லை. அதன்பின் ஹசானின் முகத்தில் விழிக்கவே அவனால் முடியவில்லை. தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் ஹசானின் மெத்தைக்கடியில் வைத்துத் திருட்டுப் பழியைச் சுமத்துகிறான். நீயா எடுத்தாய் என்று கேட்கப்பட்டபோது, எடுக்காத ஹசான் ஆமாம் என்கிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். மூன்று நாள்கள் திறக்கவில்லை.

நானும் என் நண்பனும் மலாக்கா மாநிலத்தில், ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட காலம். என் அப்பா மண்டோர். அவனுக்கு அப்பா இல்லை. அவன் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கு மருந்தடிக்கும் வேலை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் ஒரே மேசை. திருக்குறள் மனனப் போட்டியில் அவனை யாரும் வென்றதில்லை. எனக்குக் குறள்களைச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

2015-இல் யு.பி.எஸ்.ஆர். எழுதினோம். மலாய்த் தாளில் அவன் தேறவில்லை. மறு ஆண்டு நகரத்து இடைநிலைப்பள்ளியில் நான் படிவம் ஒன்றுக்கும் அவன் புகுமுக வகுப்புக்கும் போனோம். ஒரே பேருந்தில் போய், ஒரே வாசலில் நுழைந்து, வேறு வேறு கட்டடங்களுக்குப் பிரிவோம். ஓய்வு நேரத்தில் அவன் என் வகுப்புக்கு வருவான். அத்தை கட்டிக் கொடுத்த சோற்றை இருவரும் சாப்பிடுவோம். புதிய நண்பர்கள் முன்னிலையில் அது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்கமாகிப் போனது.

நான் வகுப்புப் பொருளாளர். ஆண்டின் பிற்பகுதியில் கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் திரட்டினோம். பழைய ஐம்பது காசு நாணயங்களும் அதில் நிறைய இருந்தன. பின்புறம் வாவ் பட்டம் பொறித்த நாணயங்கள். அதிலிருந்து எடுத்துச் சைபர் கபேயில் விளையாடினேன், நண்பர்களுக்கு வாங்கிக் கொடுத்தேன். திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தே எடுத்தேன். கணக்குப் பார்த்த நாளில் அறுபது வெள்ளி குறைந்தது.

கட்டொழுங்கு ஆசிரியர் கேட்டார். அவன் எடுத்தான் என்று நான் சொல்லவில்லை. “ஓய்வு நேரத்தில் அவன் என் மேசைக்கு வருவான்” என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதானே? மீதியை அவரே முடிவு செய்துகொண்டார். புகுமுக வகுப்பு, தோட்டத்துப் பையன். அவ்வளவு போதுமாக இருந்தது.

அவனை அழைத்து வந்து விசாரித்தார்கள். மலாய்மொழியில் ஒரு வாக்கியம் தொடங்கினான், முடிக்கத் தெரியவில்லை. என்னைப் பார்த்தான். நான் மொழிபெயர்த்திருக்கலாம். சுவரில் இருந்த கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல எனக்கு மலாய் இருந்தது. உண்மை சொல்ல அவனிடம் மலாய் இல்லை.

மறுநாள் அத்தை மருந்து வாடை அடிக்கும் வேலைச் சட்டையோடு வந்து அறுபது வெள்ளியைக் கட்டினார். அவ்வாண்டு ஜூலையில்தான் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளியாக உயர்ந்திருந்தது. அந்தக் கணக்கில் அறுபது வெள்ளி என்பது ஒன்றரை நாள் உழைப்பு. ஆண்டு முடிவதற்குள் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். கார் கழுவும் கடையில் சேர்ந்தான். நான் படித்தேன், இதோ, பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன்.

நாவலை நான்காம் நாள் எடுத்து முடித்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2001-இல், அமெரிக்காவிலிருக்கும் அமீருக்கு அழைப்பு வருகிறது. ஹசான் உயிரோடு இல்லை. அவன் மகன் சொராப்பைக் காப்பாற்ற அமீர் போகிறான். பழைய எதிரியிடம் எலும்பு நொறுங்க அடி வாங்குகிறான், வாங்கும்போதே சிரிக்கிறான். பாரம் இறங்கிய சிரிப்பு அது. எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னை அடிக்க யாரும் வரப் போவதில்லையே!

அப்போது பேரவை அக்காள் ஒருவர் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலைக் கொடுத்தார். 2000-இல் வந்தது. கொங்கு நாட்டில் கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியர் சிறுவன் கூளையன். பண்ணைக்காரர் மகன் செல்வன் அவனுக்குத் தோழன். இங்கும் அதே நட்பு, அதே சுவர். ஆனால் இந்தக் கதை கூளையன் பக்கம் நின்று நடக்கிறது. அமீரின் கதையில் வலி முழுவதும் அமீரின் வாயால் வருகிறது. ஹசானுக்கு ஒரு கடிதம் மட்டுமே கிடைக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக நானும் என் குற்றவுணர்வை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அன்றுதான் புரிந்தது. அவனுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்டதே இல்லை.

2025-ஆம் ஆண்டு மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போனேன். தோட்டத்தை விட்டுச் சிதறிப்போன எங்கள் ஆள்களை ஒருசேரப் பார்க்கக் கூடிய இடம் அதுதான். தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஓரமாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்டா,” என்றான். “நீ செவுத்தப் பாத்தியே, அப்பவே தெரியும். எங்கம்மாவுக்குத்தான் தெரியாது.”

அதற்குமேல் பேசவில்லை. வரிசையில் ஆள்கள் காத்திருந்தார்கள். மோர் ஊற்றப் போய்விட்டான்.

அடுத்த வாரம் ஜாசினில் அவர்கள் இருக்கும் மலிவுவிலை வீட்டுக்குப் போனேன். கையில் அறுபது வெள்ளி. அத்தை என்னை அடையாளம் கண்டு, “மண்டோர் மகனா? வாய்யா, யுனிவர்சிட்டில படிக்கிறியாமே!” என்று மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியின் நடுவில்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அத்தை வெகுநேரம் பேசவில்லை. பணத்தைத் தொடவும் இல்லை. பிறகு மெல்ல, “அன்னைக்கு ராத்திரி நான் அவன பெல்ட்டால அடிச்சேன் தம்பி. நா எடுக்கலம்மா, எடுக்கலம்மான்னு கத்துனான். நான் நம்பல,” என்றார்.

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாலையில் அவன் வேலை முடிந்து வந்தான். அத்தை எழுந்து போய் வாசலிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் கையில் கிரீஸ் இருந்தது, விடச் சொன்னான், அவர் விடவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை.

தமிழ்ப்பள்ளியில் வாய்மை அதிகாரத்தை அவனிடம் மனப்பாடம் செய்தபோது, தெரிந்தே பொய் சொன்னால் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்பதைப் பொருளாக எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். சுடத்தான் செய்தது. ஆனால் என் நெஞ்சு சுடுவதால் அவனுக்கு என்ன லாபம்? பழி யார் காதில் விழுந்ததோ, அந்தக் காதில் உண்மையும் விழ வேண்டும். நாவலில் ஹசானுக்கு அது கிடைக்கவில்லை. என் நண்பன் உயிரோடு இருக்கிறான். ஜாசின் பேருந்து தூரத்தில் இருந்தான். ஒன்பது ஆண்டுகள் நான்தான் அந்தப் பேருந்தில் ஏறவில்லை.

தோழர்களே, நம்மில் பலர் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து, ஏதோ ஒரு மேசையிலிருந்து எழுந்து வந்தவர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இப்போது எங்கே என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தெரியாவிட்டால், அடுத்த விடுமுறையில் விசாரியுங்கள்.