கட்டைவிரலும் நான் சொன்ன பொய்யும்

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் நர்ஸ் மெட்டியைக் கழற்றச் சொன்னார். 22 வருடமாக விரலை விட்டு இறங்காத மெட்டி. சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகித் திருகி எடுத்தபோது, கட்டிலோரம் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மாப்ள நல்லா இருக்கையில கழட்டுறியேடி" என்று முனகியது என் காதில் விழுந்தது. இரண்டாவது விரலில் வளையமாக ஒரு வெளுத்த தடம். அதன்மேல் ஏறிச் சாய்ந்து கிடந்தது கட்டைவிரல்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். கட்டைவிரலின் அடிமூட்டு வெளியே புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் சாயும் இந்தக் கோளாறு அம்மாவுக்கும் உண்டு, அம்மாச்சிக்கும் இருந்ததாம். டாக்டர் சீட்டில் 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்று எழுதினார். எலும்பை வெட்டி, நேராக்கி, ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்கள். 2022 ஆனி கடைசி வாரத்தில் தேதி வாங்கினேன். ஆடித் தள்ளுபடிக்கு இல்லாவிட்டாலும் தீபாவளி வியாபாரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் 91 நாளைக்குத்தான். அந்த 91-ஐக் காலண்டரில் எண்ணி வட்டம் போட்டு வைத்தேன். எலும்பு ஏறக்குறைய அந்தக் கணக்குக்குள் ஒட்டிவிட்டது. விரலும் வீக்கமும் எந்தக் கணக்குக்கும் வரவில்லை.

"காலைத் தூக்கியே வைங்க" என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் தூக்கித்தான் வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே முக்காலி போட்டு, அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு பகல் முழுக்க இருந்தேன். சாயங்காலமானால் கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள் உப்பிப் பளபளத்தன. தையல் பிரிக்கப் போன அன்றுதான், நான் காலை வைத்திருந்த விதத்தைக் கேட்டுவிட்டு நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். பாதம் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டுமாம். முக்காலி உயரத்தில் இருக்கிற கால், நீருக்கு இன்னும் பள்ளம்தான். மல்லாந்து படுத்து, கெண்டைக்காலுக்கு அடியில் உயரம் கொடுத்து, குதிகால் எதிலும் அழுந்தாமல் விட வேண்டும். தலையணை வைத்தால் நழுவியது. அம்மா பீரோவிலிருந்து பழைய சுங்குடிச் சேலைகளை எடுத்து எட்டாக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அந்த அடுக்கு அசையவில்லை.

அன்றிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தேன். அளவு எடுக்கும் கைக்கு அது தானாக வந்தது. விரல்களுக்குக் கீழே பாதம் அகன்றிருக்கும் இடத்தைச் சுற்றி, காலையில் ஒரு அளவு, ராத்திரி ஒரு அளவு. காலை 9¼ அங்குலம், ராத்திரி 10. நல்ல காலில் இரண்டு வேளையும் 9. நோட்டில் எழுத எழுத ஒன்று தெரிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் கொஞ்சம் நடமாடிய நாளைவிட, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து காய் நறுக்கிய நாளில்தான் வீக்கம் அதிகம். கெண்டைக்கால் சதை ஒவ்வொரு தடவை இறுகும்போதும் கீழே இறங்கிய ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. தொங்கிக் கிடக்கும் காலில் பிழிவதற்கு ஆளில்லை.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

தையல் பிரித்த பிறகு டாக்டரே விரல் பயிற்சியைத் தொடங்கச் சொல்லிவிட்டார். பிசியோதெரபிக்கு ஒரு சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஒரு கையால் பாத எலும்பை ஆடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்டைவிரலை அடிமூட்டிலிருந்து மேலே வளைத்துப் பத்து எண்ணினாள். பிறகு கீழே. "நுனியப் பிடிச்சு இழுக்காதீங்கக்கா. நுனிக் கணு மட்டும் மடங்கும், வேலை நடக்க வேண்டிய மூட்டு சும்மா இருந்துரும்" என்றாள். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு நாலு வேளை.

வீட்டில் ஒரே ஒரு தடவை செய்தேன். உள்ளே எதுவோ நூல் இழுபடுவதுபோல் இழுத்தது. வெட்டிய எலும்பு விலகிவிடும், ஸ்க்ரூ கழன்றுவிடும் என்று வயிறு கலங்கியது. விட்டுவிட்டேன். மறுவாரம் "செய்றீங்களாக்கா?" என்று கேட்டாள். "செய்றேம்மா" என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும். கேட்டவருக்கு 'இல்லை' என்று சொல்லக் கூடாது என்பதை 19 வருடம் கவுன்டருக்குப் பின்னால் பழகிய வாய் என்னுடையது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. பயமாக இருக்கிறது என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அசைக்காமல் பத்திரமாக வைத்திருப்பதுதான் காலுக்கு நான் செய்யும் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் செய்ய வேண்டியதைச் செய்யாமல், வேறெதுவாவது என் காலைச் சரியாக்கிவிடாதா என்று பார்த்தேன். ஐந்தாவது வாரம் அம்மாவிடம் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து தரச் சொன்னேன். சின்ன வயதில் எல்லா வீக்கத்துக்கும் எங்களுக்கு உப்பு ஒத்தடம்தான். கட்டைவிரலின் உள்பக்கம் ஆபரேஷனுக்குப் பிறகு மரத்தே கிடந்தது. தோலுக்குப் போகும் நரம்பு அந்த இடத்தில் அடிபடுவது வழக்கம்தானாம். சூடு எனக்கு உறைக்கவே இல்லை. இதமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். ராத்திரி அளவு எடுக்கக் குனிந்தபோது, தழும்புக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் இரண்டு கொப்புளம். அம்மா அழுதார். அம்மாவின் மேல் தப்பே இல்லை, முடிச்சை எடுத்து வைத்தது என் கைதான். மரத்த தோலில் சூடும் கூடாது, ஐஸ் கட்டியை நேராக வைப்பதும் கூடாது. துணியில் சுற்றி, உணர்ச்சியுள்ள இடத்தில் தொட்டுப் பார்த்து, கால்மணி நேரத்துக்கு மேல் போகாமல் ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் போதும். கொப்புளம் ஆற இன்னும் 10 நாள் போனது.

ஏழாவது வாரம் அந்தப் பெண் கோணமானியை விரல் மூட்டில் வைத்தாள். நல்ல காலின் கட்டைவிரல் மேல்நோக்கி 65 டிகிரி மடங்கியது. ஆபரேஷன் செய்த விரல் 15. தள்ளிப் பார்த்தாள், கட்டைபோல நின்றது. கோணமானியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இது யாரும் தொட்ட விரல் மாதிரி இல்லையே."

திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். உடைந்து அழுது, மூன்று வாரப் பொய்யையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "எலும்பு மட்டுந்தான் ஒட்டணும்க்கா. மத்ததெல்லாம் ஒட்டக் கூடாது" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே கேட்டிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அறுத்த இடத்தில் தழும்பு வெளியே தெரிவது மட்டுமில்லை, உள்ளேயும் வளர்கிறது. விரலை இழுக்கும் தசைநாண் தன் உறைக்குள் வழுக்கி ஓட வேண்டும். ஓடாமல் கிடந்தால் சுற்றியுள்ளதோடு ஒட்டிக்கொள்ளும். மூட்டைப் போர்த்திய சவ்வு சுருங்கும். தேங்கிய நீர் நாளாக ஆகக் கெட்டியாகும். வீங்கினால் விரல் மடங்காது, மடங்காவிட்டால் வீக்கம் வடியாது. இந்தச் சுற்றுக்குள்தான் நான் ஏழு வாரம் காலைப் 'பத்திரமாக' வைத்திருந்தேன்.

நடப்பதற்கு எதற்கு இத்தனை மடங்க வேண்டும் என்று கேட்டேன். நடக்கையில் குதிகால் தூக்கும் நேரத்தில் கட்டைவிரல் 60 டிகிரிக்குப் பக்கமாக மடங்குகிறது. மடங்கும்போது உள்ளங்காலின் பட்டைநார் விரலடி மூட்டைச் சுற்றி இறுகி, பாதத்தின் வளைவைத் தூக்கி நிறுத்துகிறது. ஹிக்ஸ் என்ற மருத்துவர் 1954-லேயே இதை விளக்கி எழுதியிருப்பதாகச் சொன்னாள். துணி சுற்றிய கட்டையைத் திருப்பினால் துணி விறைத்து இறுகுமே, கடையில் தினமும் பார்க்கிற காட்சி. சட்டென்று புரிந்தது. விரல் மடங்காதவர் பாதத்தின் வெளியோரத்தில் நடக்கத் தொடங்குவார். பிறகு முழங்காலும் இடுப்பும் வலிக்கும்.

அதற்கப்புறம் ஒரு வேளைகூட விடவில்லை. வளைத்துப் பிடிப்பது ஒரு பக்கம். தானாக அசைய வைப்பதுதான் பெரிய பாடு. 'மடங்கு' என்று நினைப்பேன், நினைப்பு கணுக்காலோடு நின்றுவிடும். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நல்ல விரலைப் பார்த்துக்கொண்டே இரண்டுக்கும் சேர்த்துக் கட்டளையிடச் சொன்னாள். தரையில் துண்டை விரித்து விரல்களால் சுருட்டினேன். புளியங்கொட்டையைக் கொட்டி ஒவ்வொன்றாகக் கவ்வி எடுக்கப் பார்த்தேன். தழும்பு முழுக்க மூடிய பிறகு தேங்காயெண்ணெய் தொட்டு அதன்மேல் அழுத்தி வட்டமாகத் தேய்த்தேன். பத்தாவது வாரம் ஒரு விடியற்காலையில், படுக்கையிலேயே, விரல் தானாக மேலே எழுந்தது. நெல்மணி உயரம் இருக்கும். வீட்டுக்காரரை உலுக்கி எழுப்பிக் காட்டினேன்.

இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ராத்திரி ஏறிக் காலையில் வடிகிற வீக்கம் வேறு. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ ரத்தம் கட்டியிருக்கலாம். புண் சிவந்து சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அதுவும் வேறு. அப்போது சேலை அடுக்கிப் படுக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

91 நாள் முடிந்து கடைக்குப் போனேன். அக்டோபர் 24 தீபாவளி. முதல் வாரம் முழுக்க நின்றேன். கடைகளில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. எங்கள் கவுன்டருக்குப் பின்னாலும் ஸ்டூல் கிடந்தது. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்று நாங்களாகவே அதன்மேல் சேலைக்கட்டு வைத்திருந்தோம். அந்த வாரம் ராத்திரி அளவு 10½. 35 டிகிரி வரை வந்த விரல் 25-க்கு இறங்கியது. மறுவாரம் சேலைக்கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பிட்டதும் குடோனில் படுத்து, காலைத் துணி பேல் மேல் போட்டுக்கொண்டேன். பக்கத்து கவுன்டர் பெண் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

விரல் இப்போது 50 டிகிரி மடங்குகிறது. அந்த ஏழு வாரம் தின்ற மிச்சம் வரவில்லை. நுனிக்காலில் குந்தி உட்கார்ந்து கோலம் போட முடியாது. மெட்டியைத் தை மாதம்தான் போட்டேன். கடை முடிந்து வந்ததும் அது இறுக்கும், கழற்றி ஜன்னலில் வைத்துவிடுவேன். அம்மா பார்ப்பார், ஒன்றும் சொல்வதில்லை. நான் டேப்பை எடுத்து அளப்பதற்குள், கட்டிலில் சுங்குடிச் சேலைகளை அடுக்கி வைத்திருப்பார்.