நின்றுபோகும் சாலைக்கு ஒரு வண்டி

ஜூன் 1

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் இன்று தொடங்கி நவம்பர் 30 வரை நீள்கிறது. டெக்சஸ் முதல் ஃபுளோரிடா வரை கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் வண்டியைச் சோதித்துப் பார்க்க இதுவே சரியான வாரம். வெளியேற்றம் என்றதும் புயலை முந்திக்கொண்டு பறக்கும் கார்தான் மனத்தில் எழுகிறது. 2005 செப்டம்பரில் ஹூஸ்டன் கண்டது வேறு. கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த சூறாவளியான ரீட்டா வருகிறது என்ற செய்தி கேட்டதும் 25 லட்சம் பேருக்குக் குறையாமல் சாலைக்கு வந்துவிட்டார்கள். ஹூஸ்டனிலிருந்து டாலஸுக்குச் சாதாரணமாக நான்கு மணி நேரம் போதும். அன்று பலருக்கு ஒரு நாள் முழுவதும் பிடித்தது. வெயிலோ 38 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஏ.சி.யை அணைத்தவர்கள் வெப்பத்தில் துவண்டார்கள். பெட்ரோல் தீர்ந்த வண்டிகளும் கொதித்து நின்ற வண்டிகளும் பின்னால் வந்தவர்களின் வழியை அடைத்தன. காற்றும் வெள்ளமும் நேரடியாகக் கொன்றவர்களைவிட வெளியேறும் முயற்சியில் இறந்தவர்கள் பல மடங்கு அதிகம். அந்தச் சாலையை நினைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: வண்டியை வேகத்துக்காகத் தயார்செய்து பயனில்லை. கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்கில் நிற்கவும் ஊரவும் அது தாங்க வேண்டும்.

ஜூன் 2

அந்த வெளியேற்றத்தில் வண்டியின் குறை எவ்வளவு கொடியதாக முடியும் என்பதற்குச் சான்று, 2005 செப்டம்பர் 23 அதிகாலையில் டாலஸுக்குத் தெற்கே வில்மர் அருகே எரிந்த பேருந்து. ஹூஸ்டனை ஒட்டிய பெல்லேரிலிருந்து முதியோர் பராமரிப்பு இல்லத்தவரை ஏற்றி வந்த அது, போய்ச் சேர வேண்டிய இடத்தை நெருங்கிவிட்டிருந்தது. பின்சக்கரத்தின் நடுப்பகுதி செக்கச்சிவந்து கனல்வதை வேறொரு வண்டியில் வந்தவர் பார்த்து ஓட்டுநரை எச்சரித்தார். வண்டியை ஓரங்கட்டியும் தீயை அடக்க முடியவில்லை. நடக்க முடியாத முதியவர்களை இறக்குவதற்குள் 23 பேர் மாண்டார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்ன காரணம், அந்தச் சக்கரத்தின் பேரிங்கில் போதிய மசகு இல்லை என்பது. பேரிங் உராய்ந்து சூடேறி, டயர் பற்றிக்கொண்டது. அந்த முதியவர்களைப் புயல் தொடவே இல்லை. முன்கூட்டியே சோதித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறை அவர்களைக் கொன்றது என்பதை நினைத்தால் நெஞ்சு ஆறவில்லை.

ஜூன் 4

புது வண்டிக்குத் தனிச் சோதனை எதற்கு, வழக்கமான சர்வீஸ் போதாதா என்று கேட்கலாம். வழக்கமான ஓட்டத்துக்குப் போதும். ஆனால் ஓடும் காரின் ரேடியேட்டரை எதிர்காற்றும் சேர்ந்து குளிர்விக்கிறது. நின்றுவிட்டால் அந்தப் பாரம் முழுவதும் மின்விசிறியின் மேல் விழுகிறது. ஏ.சி. ஓடினால் அதன் வெப்பமும் அங்கேயே சேர்கிறது. சோர்ந்த விசிறியோ குறைந்த கூலன்ட்டோ தினசரிப் பயணத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளாமலே இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உச்சிவெயிலில், திறந்த வெளியில், ஏ.சி.யைப் போட்டு அரைமணி நேரம் என்ஜினை ஓடவிட்டு, வெப்பமுள் ஏறுகிறதா என்று பார்க்கலாம். மூடிய கராஜில் இதைச் செய்யவே கூடாது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். பேட்டரியையும் வெயில்தான் தின்கிறது. மூன்று வருடம் ஆகியிருந்தால் மெக்கானிக்கிடம் சோதிக்கக் கொடுப்பது நல்லது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அரிது. வைப்பர், விளக்குகள் பற்றி எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் 7

எல்லோரும் டேங்கை நிரப்பினால் பெட்ரோல் பங்க்குகள் வறண்டுபோகாதா என்பது நியாயமான கேள்வி. 2017இல் இர்மா சூறாவளியின்போதும் 2024இல் மில்டன் சூறாவளியின்போதும் ஃபுளோரிடாவில் பல பங்க்குகள் வறண்டது உண்மை. ஆனால் அவற்றை வறளச் செய்வது எல்லோரும் ஒரே இரவில் வரிசையில் நிற்பது. பருவம் முழுவதும் டேங்க் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் அந்த இரவின் தேவை பெரிதும் குறையும். நின்றபடி ஏ.சி. ஓடும் சிறிய கார் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், பாதி டேங்க் என்பது பல மணி நேர மூச்சு. கேனில் பெட்ரோலை நிரப்பிக் காருக்குள் வைப்பது மட்டும் வேண்டாம். அந்த வெயிலில் அது ஆவியாகி, ஒரு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும்.

இன்னொரு மறுப்பு கனமானது. எதிர்த்திசைத் தடங்களையும் வெளியேறுவோருக்குத் திறந்துவிடுவது, வண்டியில்லாதவர்களுக்குப் பேருந்து விடுவது எல்லாம் அரசின் கடமை. அதைத் தனிமனிதர் தலையில் கட்டலாமா? கட்டக் கூடாதுதான். ரீட்டாவின்போது அந்தத் தடங்களைத் திறக்கத் தாமதமானது அரசின் தவறு. ஆனால் எத்தனை தடங்களைத் திறந்தாலும் நடுச்சாலையில் கொதித்து நிற்கும் ஒரு கார் ஒரு தடத்தை மூடிவிடும். வண்டி என் சொந்தப் பொருள் என்ற வாதம் அந்த இடத்தில் உதவாது. வெளியேற அவசியமே இல்லாத பகுதிகளிலிருந்தும் அன்று பெருந்திரள் கிளம்பியது நெரிசலைப் பெருக்கியது. ஆகையால் வண்டியைத் தொடுவதற்கு முன் உங்கள் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மண்டலத்துக்கு வெளியே இருந்து, வீடும் உறுதியாக இருந்தால் சாலையை மற்றவர்களுக்கு விடுங்கள். உள்ளே இருந்தால் இந்த வாரமே மெக்கானிக்கிடம் போங்கள். கார் இல்லாத பக்கத்து வீட்டு முதியவரிடம் இப்போதே பேசி அவருக்கு ஓர் இருக்கையை ஒதுக்கி வையுங்கள்.