நாளுக்கொரு மான்

சகோதரிகளே, ஸுபஹு தொழுதபின் குசினிக்குள் நுழையுமுன் அரை மணி நேரம் உங்களுக்கென்று கிடைத்தால் என்ன செய்வீர்கள்? நான் மான் வரைந்தேன். நாளுக்கு ஒன்று, எண்ணெய் வர்ணத்தில், உள்ளங்கை அகலப் பலகையில்.

அமெரிக்க ஓவியர் டுவேன் கைசர் 2004இல் நாளுக்கொரு படம் என்று தொடங்கியதை வாசித்து வந்த ஆசை. திருகோணமலையில் மாதிரிக்கா பஞ்சம்? பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான்கள் கடற்கரை வரை தாமாகவே வருகின்றனவே! மாலையில் பார்த்ததைக் காலையில் வரைவேன்.

எண்ணெய் வர்ணம் ஈரத்துணி போலக் காயாது. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஒட்சிசனை உறிஞ்சித்தான் இறுகும், நாட்கள் பிடிக்கும். நாலாம் நாள் மகனின் பள்ளிச் சட்டையில் ஒரு மானின் காது ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. அன்றிலிருந்து பலகைகள் அலுமாரிக்கு மேலே.

மாமிக்குத்தான் பிடிக்கவில்லை. "உயிருள்ளதை வரையலாமா, மகள்?" என்றார். ஆலிம்கள் பலர் தடுப்பது எனக்கும் தெரியும். சுவரில் மாட்டமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை.

பொலித்தீன் தின்று மான்கள் சாவது ஊரறிந்த செய்தி. பதினொன்றாம் நாள் நான் வரைந்த மானின் வாயிலும் சோற்றுப் பார்சல் பொலித்தீன். மாமி அதை மட்டும் இறக்கி நெடுநேரம் பார்த்தார். இப்போது வீட்டுக் குப்பைப் பையை இறுக்கி முடிச்சிடுவது அவர்தான். படத்துக்குச் சம்மதம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.